கதவுப்பிடியில் தொங்கும் பை

சியோலிலிருந்து புசானுக்கு ஓடும் அதிவேக ரயில் ஒரு மணி நேரத்தில் டேஜொன் நகரில் நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் அங்கே அதிகம் இறங்குவதில்லை. அரண்மனை கிடையாது, கடல் கிடையாது. 1905இல் கியொங்பு ரயில்பாதை வந்த பிறகு தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த ஊர். 1973இல் டேடொக் ஆராய்ச்சி நகரத் திட்டம் தொடங்கியது. ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1993இல் உலகக் கண்காட்சியும் நடந்தது. அந்த ஆய்வகங்களில் வேலை பார்க்கும் தமிழ் முனைவர்களில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டதால், 2019 இலையுதிர் காலத்தில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

டேஜொன் என்றதும் கொரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆய்வகம் அல்ல, சொங்சிம்டாங் என்ற பேக்கரி. அதன் கதையை அந்த ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும். கொரியப் போரின்போது, 1950 டிசம்பரில், வடக்கே ஹங்னாம் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய மெரிடித் விக்டரி கப்பலில் தப்பி வந்தவர் இம் கில்-சுன். 1956இல் பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு சியோலுக்குப் போகும்போது, ரயில் பழுதாகி டேஜொனில் நின்றுவிட்டது. தேஹுங்டொங் தேவாலயத்துப் பாதிரியார் அவருக்கு இரண்டு மூட்டை கோதுமை மாவு கொடுத்தார். அந்த மாவில் ரயில் நிலையத்து வாசலில் ஆவியில் வேகவைத்த பன் விற்கத் தொடங்கினார். கடை பெரிதாகிவிட்டது. விற்காமல் மீந்த ரொட்டியை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. தனக்குக் கிடைத்ததை அடுத்தவருக்குக் கைமாற்றிவிடும் இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. யூசொங் பகுதியில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் குடியிருந்து கற்றேன்.

வீடு அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. தரகர் போன் போட்டுப் பேசும்போதே முகம் சுருங்கும். வெளிநாட்டுக்காரர் வேண்டாமாம், மசாலா வாடை சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். கடைசியில் ஒரு செங்கல் கட்டடம் அமைந்தது. நான்கு மாடி, லிஃப்ட் இல்லை. இம்மாதிரி கட்டடத்தைத்தான் அங்கே வில்லா என்கிறார்கள். பெயரைக் கேட்டு நம் ஊர் வில்லாவைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேல்மாடியில் வீட்டுக்காரப் பாட்டி. எங்களுக்கு மூன்றாவது மாடி. எழுபதைத் தாண்டிய அந்தப் பாட்டி எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே நுழைவீர்கள்? எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அவரை ஹல்மொனி, அதாவது பாட்டி, என்று கூப்பிட்டேன். அங்கே வயதான பெண்களை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவர் என்னைச் செடேக் என்றார். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளை அழைக்கும் சொல். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன என்று திருத்த எனக்கு அப்போது கொரிய மொழி போதவில்லை. தெரிந்த பிறகு திருத்த மனம் வரவில்லை.

குடிவந்த வாரமே ஹல்மொனி மேல்மாடியிலிருந்து ஒரு பெரிய தட்டோடு இறங்கி வந்தார். சிவப்புப் பயற்றம்பருப்பை அடுக்கடுக்காகத் தூவி ஆவியில் வேகவைத்த அரிசிப் பலகாரம். அதைத் துண்டு போட்டுச் சின்னச் சின்னத் தட்டுகளில் வைத்தார். எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துத் தலை குனிந்து நன்றி சொன்னேன். அவர் கையை வீசி மறுத்துவிட்டு, ஒரு தட்டை என் கையில் திணித்து, ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சந்துக்குள் ஒவ்வொரு வீடாகக் கூட்டிப்போனார். கதவு திறந்ததும், எங்கள் மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் என்று சொல்லிவிட்டு விலகி நின்றுகொள்வார். தட்டை நான்தான் நீட்ட வேண்டும்.

புதிதாகக் குடிவருபவர்கள் அக்கம்பக்கத்துக்கு இந்தப் பலகாரம் கொடுப்பது பழைய வழக்கம். சிவப்புப் பயறு கெட்டதை விரட்டும் என்று நம்பிக்கை. வரவேற்பது ஊர்க்காரர் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே முதல் கை புதிதாக வந்தவருடையதாக இருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது, தெரிந்தாலும் செய்யத் தெரியாது என்பதால், ஹல்மொனி தன் காசில் வாங்கி என் கையால் கொடுக்க வைத்தார். அடுத்த சில நாட்களில் தட்டுகள் திரும்பி வந்தன. ஒன்றில் பேரிக்காய், ஒன்றில் பழுத்த சீமைப் பனிச்சை, ஒன்றில் சோயாவில் ஊறிய எள்ளிலை மாதிரியான இலை ஊறுகாய். ஒரு தட்டும் வெறுமையாக வரவில்லை. வாங்கிய பாத்திரத்தைச் சர்க்கரையாவது போட்டுத் திருப்பிக் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த ஒரு விஷயத்தில் மொழி தேவைப்படவில்லை.

விசாவின்படி நான் வேலைக்குப் போக முடியாது. கணவருக்கு ஆய்வகம், எனக்குச் சந்து. பகல் முழுக்க அந்தச் சந்து பாட்டிகளுடையது. மூலைக் கடை வாசலில் ஒரு மரக்கட்டில் போட்டிருக்கும். அதில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார்கள், பயற்று முளையின் வாலைக் கிள்ளுவார்கள், பத்து வொன் பந்தயம் வைத்துச் சீட்டாடுவார்கள். கட்டடங்களுக்கு நடுவே எங்கே ஒரு முழம் மண் கிடந்தாலும் மிளகாயும் கீரையும் வைத்துவிடுவார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து தெருவோரம் பாய் விரித்து மிளகாய் காயும். அந்த நெடியில் நின்றால் எனக்கு விருதுநகர் மிளகாய்க் களம்தான்.

குப்பையைப் போடக் கற்பித்தவர் எதிர்வீட்டு அஜும்மா; நடுத்தர வயதுப் பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கொரியாவில் 1995 முதல் குப்பைக்குப் பையின் கொள்ளளவுக்கு ஏற்றபடி காசு. அந்தந்த வட்டாரத்துக்கென்று விற்கும் பையில்தான் கட்டிப் போட வேண்டும். சாப்பாட்டுக் கழிவு தனி. அதிலும் எலும்பு, முட்டை ஓடு, வெங்காயச் சருகு சேராது. அஜும்மா என் சமையலறைக்கே வந்து, முருங்கைக்காய்ச் சக்கையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்தப் பையில் சேரும் என்று மரக்கட்டிலில் ஒரு மாநாடு நடந்தது. கடிபடவில்லை என்பதால் சாதாரணக் குப்பையில் போடலாம் என்று ஒருவர், எலும்பு மாதிரி இருப்பதால்தான் சாதாரணக் குப்பை என்று இன்னொருவர். முடிவு ஒன்றுதான், காரணம்தான் ஒத்துவரவில்லை.

டேஜொன் இருக்கும் சுங்சொங் பிரதேசத்து மக்கள் மெதுவாகப் பேசுபவர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். வாக்கியத்தின் கடைசி எழுத்தை இழுப்பார்கள். எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒன்றைக் கொடுத்தால் முதலில் வேண்டாம் என்பார்கள். அது பதில் அல்ல, தொடக்கம். கொடுப்பதிலும் அதே மறைவு. கதவைத் தட்டிக் கொடுத்தால் நாம் நன்றி சொல்ல வேண்டும், பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். அந்தச் சங்கடமே வேண்டாமென்று, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் கதவைத் திறந்தால் பை கனக்கும்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு கட்டு வெங்காயத்தாள், பழைய செய்தித்தாளில் சுற்றிய முள்ளங்கி. யார் வைத்தது என்பதைக் காய்கறியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். யார் தோட்டத்தில் என்ன விளைகிறது என்பது தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தச் சந்தே தெரிந்தது.

நான் பதிலுக்கு மாட்டியது முறுக்கு. எண்ணெயில் பொரித்த அரிசி மாவு, மொறுமொறுப்பு. அந்தச் சந்தில் அதற்குச் சிபாரிசு தேவைப்படவில்லை. மாவுக்கு வழி காட்டியதும் ஹல்மொனிதான். தேதி நான்கிலும் ஒன்பதிலும் முடியும் நாட்களில் யூசொங் சந்தை கூடும். ஐந்து நாளுக்கு ஒரு தரம் கூடும் அந்தச் சந்தையை ஒட்டி, மிளகாய் அரைத்து, எள் ஆட்டி, ஊறவைத்த அரிசியை ஈரத்தோடு மாவாக்கித் தரும் மில் இருக்கிறது. மில்காரர் என் அரிசியை அரைத்துவிட்டு, எவ்வளவு என்று கேட்டால் ஹல்மொனியைப் பார்ப்பார். சந்தையில் கீரைக்காரப் பாட்டி எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடி கூட அள்ளிப் போடுவார். கொசுறு. கேட்காமலே விழுவதால் அங்கே அதற்குக் கூடுதல் ருசி.

நவம்பர் கடைசியில், உறைபனி இறங்கும் முன், கிம்ஜாங் வந்தது. குளிர்காலம் முழுவதற்கும் தேவையான கிம்சியை ஒரே மூச்சில் செய்து வைக்கும் வேலை. கிம்சி செய்வதையும் பகிர்வதையும் சேர்த்து, கிம்ஜாங்கை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. பகிர்வது என்ற சொல் அதில் அலங்காரத்துக்கு இல்லை. ஒரு குடும்பத்தால் தனியாகச் செய்து முடிக்க முடியாத வேலை அது.

முதல் நாள் மாலையே சீன முட்டைக்கோஸ் மூட்டை மூட்டையாகக் கட்டடத்தின் கீழ், கார் நிறுத்தும் இடத்தில் வந்து இறங்கியது. ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து, கல்லுப்பை இலையின் தண்டுப் பக்கமாகத் தூவி, பெரிய ரப்பர் தொட்டிகளில் அடுக்கினோம். நடுராத்திரியில் ஒருமுறை இறங்கி வந்து மேலே இருப்பதைக் கீழே புரட்ட வேண்டும். விடியற்காலையில் மும்முறை அலசி, கவிழ்த்து வடிய விட வேண்டும். தண்டை வளைத்தால் உடையக் கூடாது, வளைய வேண்டும், அதுதான் பதம். பிறகு காரம். சீவிய முள்ளங்கி, மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, கடுகுக் கீரை, வெங்காயத்தாள், பசையரிசிக் கஞ்சி, நெத்திலிச் சாறு, உப்பிட்ட சின்ன இறால். அந்த இறாலுக்காகவே டேஜொன்காரர்கள் பக்கத்தில் இருக்கும் காங்கியொங் ஊருக்குப் போய் வருவார்கள்; உப்பிட்ட மீனுக்கும் இறாலுக்கும் பேர்போன பழைய ஆற்றுத் துறை அது.

சிவப்பு ரப்பர் கையுறை போட்டு என்னையும் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு இலையாகத் தூக்கி, காரத்தைத் தடவி, கடைசியில் வெளி இலையால் முழுவதையும் சுற்றி மூட வேண்டும். கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் அதைவிட வேகமாக ஓடும். எனக்குப் பாதி புரியாது. திடீரென்று ஒரு கை நீளும்: நடுவில் இருக்கும் மஞ்சள் குருத்தைக் கிழித்து, காரம் வைத்துச் சுருட்டி நேராக வாயில். உப்பு போதுமா? என்னிடம் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் இறால் போடலாம் என்றேன். ஒரு நிமிடம் சந்து அமைதியானது. ஹல்மொனி தானும் ஒரு வாய் சுருட்டித் தின்று பார்த்து, தலையாட்டி, இறாலை அள்ளிப் போட்டார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த நாக்குக்குக் கிடைத்த கௌரவம்.

மதியம் எல்லோருக்கும் வேகவைத்த பன்றி இறைச்சியும் புதுக் கிம்சியும். நாங்கள் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டோம் என்பது எப்போதோ சந்து முழுக்கப் பரவியிருந்தது. எனக்கு மட்டும் சூடான தோஃபு துண்டுகள் தனித் தட்டில் வந்தன. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைதான் எனக்குப் பிடித்தது.

நான் உட்கார்ந்து தடவிய முட்டைக்கோஸ் ஐந்து வீடுகளுக்குப் போனது. அடுத்த வாரம் எதிர்வீட்டு அஜும்மாவின் முறை. அங்கேயும் இதே கைகள். கொரியாவில் பழங்காலத்திலிருந்தே இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ஊர் முழுக்கச் சேர்ந்து நாற்று நடுவதை டூரே என்பார்கள். வீட்டுக்கு வீடு உழைப்பைக் கைமாற்றிக்கொள்வது பூமாசி. வயல்கள் போய்விட்டன, டூரேயும் கூடப் போய்விட்டது. பூமாசி மட்டும் கிம்ஜாங் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நகரத்துச் சந்துகளில் பிழைத்துக் கிடக்கிறது. அதன் அழகு, அது அளந்து பார்ப்பதில்லை என்பது. முதுகு வளைந்த பாட்டியின் ஒரு நாளும், இளம் பெண்ணின் ஒரு நாளும் ஒரே நாள்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொடுக்கும் பண உறையைக் கொரியர்கள் வாசலில் மேஜை போட்டு நோட்டில் எழுதி வைப்பார்கள், நம் மொய் நோட்டேதான். கதவுப்பிடிக்கும் கிம்ஜாங்குக்கும் நோட்டு கிடையாது. கணக்கு இருக்கிறது, ஆனால் தீர்க்கப்படுவதே இல்லை. தீர்ந்துவிட்டால் உறவும் தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

2020 பிறந்தது. நான் கருவுற்றிருந்தேன். ஜனவரி 20ஆம் தேதி கொரியாவில் முதல் கொரோனா தொற்று. பிப்ரவரியில் டேகு நகரில் வெடித்தது. முதியோர் கூடங்களை மூடினார்கள், மரக்கட்டில் காலியானது. யூசொங்கில் எல்லோரும் இலவசமாகக் கால் நனைக்கும் வெந்நீர் ஊற்றுக் கால்வாயும் வற்றிக் கிடந்தது. மார்ச் 9 முதல் முகக்கவசத்துக்கு ரேஷன்: ஆளுக்கு வாரம் இரண்டு, பிறந்த வருடத்தின் கடைசி இலக்கப்படி கிழமை. என் முறை வெள்ளிக்கிழமை. மருந்துக் கடை வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை யாரோ பார்த்திருக்க வேண்டும். திங்கட்கிழமை கதவுப்பிடியில் ஒரு பை, உள்ளே இரண்டு முகக்கவசம். புதன்கிழமை இன்னொன்று. வாரத்துக்கு இரண்டே கிடைக்கும் காலத்தில் ஒருவர் இரண்டையும் கொடுத்துவிட்டால் அவருக்கு என்ன இருக்கும் என்று கேட்டதற்கு, நான் எங்கே வெளியே போகிறேன் என்றார் எதிர்வீட்டு அஜும்மா, கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டே.

பிரசவத்துக்கு அம்மா வருவதாக இருந்தது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இஞ்சி லேகியமும் பிரசவ மருந்துப் பொடியும் பெட்டியில் ஏறிவிட்டன. மார்ச் கடைசி வாரத்தில் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது. அம்மா போனில் அழுதாள். நான் அழவில்லை, அழுதால் அவள் இன்னும் அழுவாள். கொரியாவில் பிரசவித்த பெண்கள் இரண்டு வாரம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தனி இல்லங்கள் உண்டு. ஆராய்ச்சி உதவித்தொகையில் வாழும் குடும்பத்துக்கு அந்தக் கட்டணம் எட்டாது. ஹல்மொனி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சந்தைக்குப் போய் ஒரு முழ நீளக் காய்ந்த கடற்பாசி வாங்கி வந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்கும் கடற்பாசியை மடிக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது, பேரம் பேசவும் கூடாதாம். பையில் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த அதை நேராகப் பிடித்தபடி மாடியேறி வந்தார்.

ஜூனில் மகள் பிறந்தாள். வீடு திரும்பிய நாளிலிருந்து கடற்பாசி சூப், மூன்று வேளையும். வழக்கமாக மாட்டிறைச்சி போட்டுச் செய்வது. எனக்காக எள்ளைப் போன்ற காட்டெள் விதையை அரைத்து ஊற்றி, கெட்டியாக, பால் நிறத்தில் செய்தார். மாடி இறங்க முடியாத நாட்களில் கீழ்வீட்டு அஜும்மாவின் கையில் பானை இறங்கி வரும். ஜூலைப் புழுக்கத்தில் காலுறை போட வைத்தார்கள். விசிறி கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது. காற்று எலும்பில் இறங்கிவிடுமாம். இதைக் கேட்டதும் வீடியோ அழைப்பில் அம்மாவின் முகம் மலர்ந்தது. "அந்தப் பாட்டிகிட்ட போனைக் குடுடி" என்றாள். அம்மா தமிழில் பேசினாள், ஹல்மொனி கொரியனில் பேசினார். காதில் பஞ்சு வைக்கணும் என்று அம்மா காதைத் தொட்டுக் காட்ட, ஹல்மொனி ஆமாம் ஆமாம் என்று தன் காதைத் தொட்டார். பூண்டு கொடுக்கணும் என்று அம்மா ஒரு பூண்டைத் தூக்கிக் காட்ட, ஹல்மொனி தன் வீட்டுப் பூண்டுச் சரத்தையே போன் முன்னால் ஆட்டினார். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அம்மா பொம்மையை வைத்துச் செய்து காட்டியபோது ஹல்மொனி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வருடம் கொரியாவில் முதன்முறையாகப் பிறப்பைவிட இறப்பு அதிகமானது. சந்தில் பல வருடங்களாகக் குழந்தையே பிறக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். அதனால் என் மகளின் அழுகை எங்களுக்கு மட்டும் சொந்தமானதாக இருக்கவில்லை. ராத்திரி அழுதால் காலையில் விசாரணை வரும், புகாராக அல்ல. என்ன, வயிற்று வலியா என்று. செடேக் போய் நான் ஏகி ஒம்மா ஆனேன், குழந்தையின் அம்மா.

செப்டம்பர் கடைசியில் நூறாவது நாள் வந்தது. முன்காலத்தில் பல குழந்தைகள் அந்த நாளைப் பார்க்காது. பார்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று கொண்டாட்டம். வெள்ளை அரிசிப் பலகாரம் செய்து நூறு பேருக்குக் கொடுத்தால் ஆயுள் நீளும் என்பார்கள். இந்தத் தடவை யாரும் என்னைக் கூட்டிப்போக வேண்டியிருக்கவில்லை. மில்லில் சொல்லிப் பலகாரம் வாங்கினேன். கூடவே, அரைத்து வந்த அதே ஈர மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துக் கொழுக்கட்டையும் செய்தேன். சுசொக் அறுவடைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்ததால், ஹல்மொனிக்கு அது அவர்களுடைய சொங்ப்யொன்தான்: பைன் ஊசியிலை வாசம் இல்லை, வடிவம் கொஞ்சம் கோணல், அவ்வளவே. அழகாகச் சொங்ப்யொன் பிடிப்பவளுக்கு அழகான பெண் பிறக்கும் என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. என் கொழுக்கட்டையையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்து, பரவாயில்லை, அப்பா சாயல் போல என்றார். நோய்க் காலம் என்பதால் கதவைத் தட்டாமல் பிடியில் மாட்டிவிட்டு வந்தோம். இரண்டு நாளில் எங்கள் பிடியில் இடமில்லை. நீண்ட ஆயுளுக்கு நூல்கண்டு, பத்தாயிரம் வொன் நோட்டு வைத்த உறைகள், விரலளவு காலுறைகள்.

இவ்வளவு வாங்கிக்கொண்டவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருந்தது. அதை இறக்கி வைத்தவரும் ஹல்மொனிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் கதவைத் தட்டினார்; பை மாட்டவில்லை, தட்டினார். மகன் கனடாவில். பேரனுக்கு ஆங்கிலம் மட்டும்தான். வாராவாரம் போனில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம். கொஞ்சம் பேசித் தருவாயா என்றார். அன்று முதல் ஞாயிறு காலைகளில் அரைகுறைக் கொரியன் தெரிந்த ஒரு தமிழச்சி, கொரியப் பாட்டிக்கும் கனடாப் பேரனுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். பாட்டி ஏன் எப்போதும் சாப்பிட்டாயா என்றே கேட்கிறார்கள் என்று ஒருநாள் அந்தப் பையன் அலுத்துக்கொண்டான். நன்றாகச் சாப்பிட்டேன் பாட்டி என்கிறான் என்றேன். அதற்குள் எதிர்வீட்டு அஜும்மா பேரனுக்குச் சப்பாத்தி செய்யக் கேட்டு வந்தார். கீழ்வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது பூனைச் சாப்பாட்டை எங்களிடம் ஒப்படைத்தார்.

கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த வரை நான் விருந்தாளிதான். என்னிடம் கேட்கத் தொடங்கியபோதுதான் பக்கத்து வீட்டுக்காரி ஆனேன். முதல் வாரத்திலேயே தட்டை என் கையில் கொடுத்தது எதற்கு என்பது அப்போதுதான் உறைத்தது. அன்பைக் காட்டுவது எளிது. அடுத்தவரிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று நம்பி, அதைக் கை நீட்டி வாங்கிக்கொள்வதற்குத்தான் பெரிய மனசு வேண்டும்.

இதைக் கொரியர்களின் குணம் என்று எழுதி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அடுக்ககங்களில் வாழ்கின்றன. மேல்வீட்டுக் காலடிச் சத்தம் அங்கே கொலை வரை போகும் தேசியப் பிரச்சினை. சமரசம் பேச அரசே 2012இல் ஒரு மையம் திறக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் டேகுவில், எங்கள் சந்து போலவே பல்கலைக்கழகத்தை ஒட்டிய குடியிருப்பில், முஸ்லிம் மாணவர்கள் மசூதி கட்டத் தொடங்கியபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். 2021இல் வேலை நிறுத்தப்பட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் கட்டலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் வாசலில் பன்றித் தலைகளை வைத்தார்கள். அவர்களும் யாருக்கோ கதவுப்பிடியில் முள்ளங்கி மாட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். தனித்தனி ஆட்களாக இருந்தவரை பக்கத்து வீடு. கூட்டமாகத் தெரிந்ததும் அந்நியர். எங்கள் முகத்தைப் பார்க்காமலே மசாலா வாடை என்று மறுத்த வீட்டுக்காரர்களையும் நான் மறக்கவில்லை.

ஆக, நான் கண்டது ஒரு நாட்டின் இயல்பு அல்ல. சில பேர் தினமும் செய்த வேலை. பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய பெண்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது, கிள்ளிக் கொடுக்க ஒரு முழம் தோட்டம் இருந்தது, எட்டிப் போடும் தூரத்தில் கதவுகள் இருந்தன. மறுகட்டுமானம் என்று நோட்டீஸ் ஒட்டி இத்தகைய சந்துகளை இடித்து உயரக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பூட்டைத் திறக்க எண் அழுத்தும் கதவுகளிலும் பிடி இருக்கிறதுதான். மாட்ட ஆள் வேண்டும்.

நாங்கள் இப்போது சென்னையின் புறநகரில் இருக்கிறோம். 1998இல் ஶ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் கொரியக் குடும்பங்கள் வந்துபோய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் தளத்திலேயே ஒன்று குடிவந்தது. பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிம்பாப் என்ற கடற்பாசிச் சோற்றுச் சுருள் வைத்துப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார் அந்தப் பெண். பிறகு லிஃப்டில் பார்த்தால் சிரிப்பு, அதோடு சரி. இரண்டு மாதம் அப்படியே போனது. ஹல்மொனி என்றால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். ஒருநாள் பாத்திரம் எதுவும் எடுக்காமல் போய்க் கதவைத் தட்டினேன். என் மகளுக்குக் கொரியன் மறந்துகொண்டே வருகிறது, வாரத்தில் ஒருநாள் அவளோடு பேசுவீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! மறுவாரமே அவர் என் கதவைத் தட்டினார்: கேட்டுக்கு வெளியே வரும் கீரைக்காரம்மா சொல்லும் விலை புரியவில்லை, கூட வர முடியுமா? இப்போது சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்துதான் போகிறோம். கொசுறுக் கறிவேப்பிலை கேட்டு வாங்குவதில் அவர் என்னையே மிஞ்சிவிட்டார்.